பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே கழியும் நாள்கள்: தேசியப் புற்றுநோய்த் திட்டத்தை எதை வைத்து எடைபோடுவது?

ஒரு சிறிய புட்டி. உள்ளே ஃபார்மலின் திரவத்தில் விரல் நகத்தைவிடச் சிறிய திசுத் துண்டு ஒன்று கிடக்கிறது. மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்தோ, வாரக்கணக்கில் ஆறாத வாய்ப்புண்ணின் ஓரத்திலிருந்தோ மருத்துவர் எடுத்த துண்டு அது. புட்டி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். திசுவை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதுவரை அந்த நோயாளிக்கு வந்திருப்பது என்னவென்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அறுவைச் சிகிச்சை நிபுணர் தயாராக இருந்தாலும், மருந்துக் கிடங்கு நிறைந்திருந்தாலும், அந்த ஓர் அறிக்கை வராமல் எதுவும் நகராது.

ஒரு நாட்டின் புற்றுநோய்த் திட்டம் எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் புதிதாகத் திறந்த மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, அந்தப் புட்டியின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். எத்தனை நாள் அது ஒரு மேசையில் கிடந்தது, அறிக்கை யார் கைக்குப் போனது, அதன்பின் நோயாளியைக் கூப்பிட்டுச் சொன்னது யார், அடுத்த இடத்துக்குப் போக அவருக்கு வழி காட்டியது யார்? திட்ட ஆவணங்களில் தடுப்பு, கண்டறிதல், சிகிச்சை, வலி தணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கும். நோயாளிகள் தொலைந்துபோவது பெரும்பாலும் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்தான்.

தேவையின் அளவு மலைக்க வைப்பது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. 97 லட்சம் பேர் இறந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வருகிறது. 2050ஆம் ஆண்டில் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 3.5 கோடியைத் தாண்டும் என்பது அதே முகமையின் கணிப்பு. நாடுகள் தேசியப் புற்றுநோய்த் திட்டம் வகுக்க வேண்டும் என்று உலக சுகாதார மாநாடு 2005இலேயே தீர்மானம் நிறைவேற்றியது. 2017இல் மீண்டும் வலியுறுத்தியது. அதன் பலன் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 115 நாடுகளில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாக் குடிமக்களுக்கும் அரசு செலவை ஏற்கும் மருத்துவச் சேவைகளின் தொகுப்பில் புற்றுநோய்ச் சிகிச்சையின் அடிப்படைகளைச் சேர்த்திருந்த நாடுகள் 39 சதவீதம் மட்டுமே. வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் சேர்த்திருந்தவை 28 சதவீதம்.

தாமதம் என்ன செய்யும்?

சிகிச்சை தொடங்குவது நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்று 2020இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வு காட்டியது. பல வகைப் புற்றுநோய்களையும், அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்ற மூன்று சிகிச்சைகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. நான்கு வாரம் என்பது ஒரு ஸ்கேனுக்கான முறை வருவதற்கும், அறிக்கை தட்டச்சாகி வருவதற்கும், சிறப்பு மருத்துவர் விடுப்பு முடிந்து திரும்புவதற்கும் சாதாரணமாகக் கழிந்துவிடும் காலம். இதில் யாரும் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு மேசையும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும். நடுவில் இருந்த நாள்களுக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

மார்பகப் புற்றுநோய்க்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள இலக்குகள் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். 60-60-80 என்று சுருக்கிச் சொல்லலாம். நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் முதல் இரு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும்; அறிகுறியோடு முதன்முதலாக வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும்; தொடங்கியவர்களில் குறைந்தது 80 சதவீதத்தினர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். மூன்றில் எதுவும் கட்டடத்தையோ கருவியையோ எண்ணவில்லை. நோயாளியின் பயணத்தை எண்ணுகின்றன.

இதை ஒரு நாடு முழுவதற்கும் செய்து காட்டியது டென்மார்க். 1942இலிருந்தே அங்கு தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. யாருக்கு எப்போது என்ன புற்றுநோய் வந்தது, அதன்பின் எத்தனை காலம் வாழ்ந்தார் என்று நாடு முழுவதும் எழுதிவைக்கும் பதிவேடு அது. அந்தக் கணக்கு இருந்ததால்தான் 1990களில் ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது: டென்மார்க் நோயாளிகள் ஸ்வீடன், நார்வே நோயாளிகளைவிட விரைவில் இறந்துகொண்டிருந்தார்கள். பதிவேடு இல்லாத நாட்டில் இந்தச் செய்தியே தெரியவந்திருக்காது. ஒரு மருத்துவமனை தன்னிடம் வந்தவர்களை மட்டும் எண்ணினால், வராமலே இறந்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். ஒரு பகுதியில் வாழும் மக்கள் அனைவரையும் அடிப்படையாகக் கொண்ட பதிவேடுதான் அவர்களையும் எண்ணும்.

2000இலும் 2005இலும் இரண்டு திட்டங்கள் வந்தன. கருவிகள் கூடின, நிபுணர்கள் கூடினார்கள், காத்திருப்பு குறையவில்லை. 2007இல் அரசும் பிராந்திய நிர்வாகங்களும் ஒரு முடிவுக்கு வந்தன. மாரடைப்பைப் போலப் புற்றுநோயையும் அவசர நோயாகவே நடத்துவது என்பது அது. ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் சந்தேகம் எழுந்த நாள் முதல் சிகிச்சை தொடங்கும் நாள் வரை என்னென்ன பரிசோதனை, எந்த வரிசையில், எத்தனை நாளுக்குள் என்று பாதை வகுத்தார்கள். முன்பதிவுக்காக நோயாளி அலைய வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் எல்லா நேரங்களையும் முன்கூட்டியே பிடித்துவைப்பார். கட்டியும் இல்லை, இரத்தக் கசிவும் இல்லை, ஆனால் எடை குறைகிறது, சோர்வு நீங்கவில்லை என்று வருகிறவர்களுக்கும் பின்னர் தனி வழி ஏற்படுத்தினார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் எல்லா நாட்டிலும் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க் அண்டை நாடுகளோடு இருந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டது.

பணக்கார நாட்டால் முடியும், மற்றவர்களுக்கு ஏது என்று கேட்கலாம். ஆனால் டென்மார்க் 2007இல் சேர்த்துக்கொண்டவற்றில் மிக முக்கியமானது நாள்குறிப்பைப் பொறுப்பாகக் கையில் எடுத்துக்கொள்ளும் ஒரு மனிதர். அதற்கு முன்னும் அந்த நாட்டில் பணம் இருந்தது.

கண்டுபிடித்துவிட்டு என்ன செய்கிறோம்?

முகாம் போடுவது எளிது. ஒரே நாளில் ஆயிரம் பேரைப் பரிசோதித்தோம் என்று புகைப்படத்தோடு அறிக்கை விடலாம். அந்த ஆயிரத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் என்று சொல்லி அனுப்பப்பட்ட முப்பது நாற்பது பேர் அதன்பின் எங்கே போனார்கள் என்பதைப் பெரும்பாலான முகாம் அறிக்கைகள் சொல்வதில்லை. சிகிச்சைக்கு வழி செய்யாமல் ஒருவருக்கு நோயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது அநீதி என்றே நான் நினைக்கிறேன். அறியாமல் இருந்தபோது அவருக்கு இருந்த நிம்மதியையும் பறித்துக்கொண்டு, பதிலுக்கு எதையும் தராமல் அனுப்புகிறோம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் இதற்கு நல்ல பாடம். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் தொடங்கிய ஒழிப்பு வியூகத்தின் இலக்கு 90-70-90: சிறுமிகளில் 90 சதவீதத்தினருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, பெண்களில் 70 சதவீதத்தினருக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் தரமான பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. பேச்சு பெரும்பாலும் முதல் 90ஐப் பற்றியே நடக்கிறது. கடைசி 90 இல்லாவிட்டால் நடுவிலுள்ள 70க்குப் பொருளே இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் முடிவுகள் வெளியான ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 30 முதல் 59 வயதுள்ள பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று வெறும் கண்ணால் பார்க்கும் எளிய முறை அது. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை. ஒப்பீட்டுக் குழுவைவிட நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. முறை மலிவானது என்பதைப் பலரும் சொல்கிறார்கள். பரிசோதித்த செவிலியர்களுக்கே, பாதிக்கப்பட்ட திசுவை உறையவைத்து அழிக்கும் குளிர்ச் சிகிச்சையை அளிக்கவும் பயிற்சி தரப்பட்டிருந்தது என்பதை அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே இடத்தில் இருந்ததால் நடுவில் ஆள் தொலைவதற்கான வழி குறைந்தது.

எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு: தேட வேண்டாததைத் தேடுவது. தென்கொரியா 1999இல் தேசியப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது தைராய்டு புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு தொகை கூடுதலாக வாங்கிக்கொண்டு கழுத்திலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துவிடுவது வழக்கமாயிற்று. 2011இல் 40,000 பேருக்கும் மேல் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. 1993இல் இருந்த விகிதத்தைப்போல் 15 மடங்கு. இறப்போ ஆண்டுக்கு 300, 400 என்று அசையாமல் நின்றது. அதாவது கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் கழுத்திலேயே இருந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகள். அவற்றுக்காகத் தைராய்டு சுரப்பியை எடுத்தவர்கள் ஆயுள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் எட்டு மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து இதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைச் சிகிச்சைகள் 35 சதவீதம் குறைந்தன. எந்தெந்த நோயை, யாரிடம், எந்த வயதில் தேடக்கூடாது என்பதையும் ஒரு தேசியத் திட்டம் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

அறிகுறி இல்லாதவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பது ஒன்று. அறிகுறியோடு தானாக வந்தவரைக் காக்க வைக்காமல் பார்ப்பது இன்னொன்று. வசதி குறைந்த நாடு இரண்டில் ஒன்றை முதலில் செய்ய வேண்டுமென்றால் இரண்டாவதைச் செய்யலாம். கட்டியைத் தொட்டுப் பார்த்துப் பயந்து வாசலுக்கு வந்து நிற்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு, வராத பெண்களைத் தேடிப் போவதில் என்ன பயன்?

தடுப்பு

புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. புகையிலை மட்டுமே புற்றுநோய் இறப்புகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குக் காரணம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டது. வரியை உயர்த்துவது, விளம்பரத்தைத் தடைசெய்வது, பொது இடங்களில் புகையைத் தடுப்பது என்று செய்ய வேண்டியவை அனைத்தும் அதில் இருக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. ஆனால் இன்று புகைப்பவர்கள் குறைந்தால் நுரையீரல் புற்றுநோய் குறைவது இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். வரியை உயர்த்தும் அமைச்சருக்கு எதிர்ப்பு இன்றே வரும். பலன் வரும்போது அவர் பதவியில் இருக்கமாட்டார். தேர்தல்களைத் தாண்டி நிற்கும் எழுதப்பட்ட தேசியத் திட்டம் வேறெதைவிடவும் இதற்கே தேவைப்படுகிறது.

தடுப்பூசியிலும் பொறுமைதான் கேட்கப்படுகிறது. பலன் ஐயத்துக்கு இடமில்லாதது. தைவான் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸுக்கான தடுப்பூசி 2006இல் வந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக அதைப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ருவாண்டா 2011இல் பள்ளிகள் வழியாகத் தொடங்கி, பள்ளிக்கு வராத சிறுமிகளைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று சேர்த்ததால் 90 சதவீதத்துக்கும் மேல் எட்டியது. ஜப்பானில் நடந்தது நேர்மாறு. 2013 ஏப்ரலில் தேசிய அட்டவணையில் சேர்த்த அதே தடுப்பூசியை, பக்கவிளைவு பற்றிய பரபரப்புக்குப் பின் ஜூன் மாதமே அரசு பரிந்துரைப்பதை நிறுத்தியது. தடுப்பூசி போட்டுக்கொள்ளும் சிறுமிகளின் பங்கு 70 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. மீண்டும் பரிந்துரை தொடங்க 2022 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வயதைக் கடந்துபோன சிறுமிகளுக்கு இழப்பு முழுதாக ஈடாகாது. மக்களின் ஐயத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஏற்பாடு முன்கூட்டியே இல்லாவிட்டால், பல ஆண்டு உழைப்பு இரண்டு மாதத்தில் சரியும்.

கருவியும் கையிருப்பும்

புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுகிறது. உகாண்டாவில் அதற்கென இருந்த ஒரே கருவி 2016இல் பழுதாகி நின்றது. புதிய கருவி வர 2017 இறுதியாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் பயணம் செய்ய முடிந்தவர்கள் வெளிநாடு போனார்கள்; முடியாதவர்கள் காத்திருந்தார்கள். கருவி வாங்கும் நாளில் ரிப்பன் வெட்டுகிறோம். அதைப் பராமரிக்கும் பொறியாளர், கதிரளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், உதிரிபாகத்துக்கான தொகை, பழையதை மாற்ற வேண்டிய ஆண்டு ஆகியவையும் அதே கோப்பில் எழுதப்பட வேண்டியவை.

குழந்தைகளின் நிலை தனியாகப் பேச வேண்டியது. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். வறிய நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் ஒன்றேதான். காலம் கடந்து கண்டறிவது, மருந்து கையிருப்பில் இல்லாமல் போவது, பெற்றோர் பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடுவது ஆகியவையே இடைவெளிக்குப் பெரிய காரணங்கள். பாதியில் நிறுத்துகிற பெற்றோரைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர்விட்டு வந்து, வேலையை விட்டு, வீட்டில் மற்ற பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு, மாதக்கணக்கில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறார்கள். தங்குமிடமும் பயணப்படியும் சிகிச்சையின் பகுதிகள். கருணைக் கணக்கில் எழுத வேண்டியவை அல்ல.

பணம் என்ன செய்கிறது என்பதற்குத் தென்கிழக்கு ஆசியாவில் 8 நாடுகளில் 9,513 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு சாட்சி. நோய் உறுதியாகி ஓராண்டு ஆனபோது அவர்களில் 29 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். 48 சதவீதத்தினர் கடும் பொருளாதாரச் சீரழிவுக்கு ஆளாகியிருந்தார்கள். உயிரும் மிஞ்சி, குடும்பப் பொருளாதாரமும் மிஞ்சியவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. குணமானவர்களுக்கும் தொல்லை அதோடு முடிவதில்லை. பழைய நோயைக் காரணம் காட்டிக் கடனும் காப்பீடும் மறுக்கப்படும். பிரான்ஸ் இதற்கு 'மறக்கப்படும் உரிமை' என்று சட்டம் செய்தது. சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்து, நோய் திரும்பாமல் இருந்தால் அதைப் பற்றிக் கடன், காப்பீடு விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2022இல் கால அளவைக் குறைத்தது.

வலி

திட்டங்களில் கடைசி அத்தியாயமாக எழுதப்பட்டு, நிதி ஒதுக்கீட்டிலும் கடைசியாக வருவது வலி. குணமாகாத நோயிலும் தணிக்க முடிகிற வலி அது. அதற்கான மருந்தும் புதிதல்ல. மார்ஃபின் இருநூறு ஆண்டுப் பழையது, காப்புரிமை இல்லாதது. 2017இல் வெளியான பன்னாட்டு ஆணைய அறிக்கை ஒன்றின்படி, ஆண்டுதோறும் உலகில் வினியோகமாகும் வலிமருந்துகள், மார்ஃபினுக்குச் சமமான அளவாகக் கணக்கிட்டால், 298.5 டன். குறைந்த வருமான நாடுகளுக்குப் போய்ச் சேர்வது அதில் 0.1 டன். இந்த எண்ணைப் படித்துவிட்டு அமைதியாக இருக்க முடியவில்லை. போதைப்பொருள் அச்சத்தால் எழுதப்பட்ட கடும் விதிகள், மூன்று நான்கு உரிமங்கள், மருந்தைப் பயன்படுத்தப் பயிற்சி பெறாத மருத்துவர்கள் என்று காரணங்கள் பல. இவற்றில் எதைச் சரிசெய்யவும் பெரிய பணம் தேவையில்லை.

ஒரே கதிர்வீச்சுக் கருவி பழுதாகித் தவித்த அதே உகாண்டா இதில் முன்னோடி. 1993இல் ஆன் மெரிமன் என்ற மருத்துவர் அங்கே வலி தணிப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த நாட்டில் அவர்களால் மட்டும் இது நடக்காது என்பதால், பயிற்சி பெற்ற செவிலியர்களும் மார்ஃபின் எழுதித் தரலாம் என்று 2004இல் விதி மாற்றப்பட்டது. மார்ஃபின் தூளை நாட்டிலேயே தண்ணீரில் கரைத்து, வீரியத்துக்கேற்ப நிறம் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். நோயாளிகளுக்கு அது இலவசம்.

செவிலியர் வீட்டுக்கே வருகிறார். வலி எங்கே, எப்போது கூடுகிறது, தூங்க முடிகிறதா என்று கேட்கிறார். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்துத் தருகிறார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அளவைச் சொல்லி, பார்த்துக்கொள்ளும் மகளிடம் திரும்பச் சொல்லச் சொல்கிறார். இரவு படுக்கும்போது மட்டும் இரட்டை அளவு. நள்ளிரவில் மருந்துக்காக நோயாளியை எழுப்ப வேண்டாம்.